வீட்டுக் கேமராவின் கணக்கு வழக்கு

வாசலில் கேமரா மாட்ட நினைப்பவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். கடைக்காரரும் அந்தக் கேள்விக்குத்தான் தயாராக இருப்பார். 10.8 என்ற எண்ணை அங்கே யாரும் உச்சரிப்பதில்லை. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் ஓடும் வீடியோ, ஒரு நாளில் 10.8 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 86,400 நொடி, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வகுத்துப் பார்த்தால் வந்துவிடும். வீட்டுக் கேமராவின் தலைவலிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வகுத்தலிலிருந்து தொடங்குபவை.

1080பி தரத்தில் படமெடுக்கும் சாதாரணக் கேமரா நொடிக்குச் சுமார் 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 21.6 ஜிபி. வாசல், பின்கட்டு, மாடிப்படி, கார் நிற்கும் இடம் என்று நான்கு கேமரா மாட்டினால் நாளுக்கு 86.4 ஜிபி, 30 நாளுக்கு 2,592 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் கருவி யாரையும் கேட்பதில்லை. பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதத் தொடங்கும். பதிமூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து முதல் நாள் காட்சியைக் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

ஆக, வாங்குபவர் முடிவு செய்ய வேண்டியது எதை இழக்கச் சம்மதம் என்பதை. தெளிவையா, நாட்களையா, வீட்டின் இணைய வேகத்தையா, அந்தரங்கத்தையா? முடிவு செய்யாமல் விட்டவருக்கு, பெட்டியில் வந்த அமைப்பே முடிவு செய்துவிடும்.

அந்த 2 மெகாபிட் என்பதே ஒரு சாதனைதான். 1920-க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள், புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் என்று சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 622 மெகாபிட் ஆகும். அதை முந்நூறில் ஒரு பங்காக அமுக்குவது எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகள். முதலாவது 2003-இல் தரநிலையானது. 2013-இல் வந்த இரண்டாவது, அதே தெளிவை ஏறக்குறைய பாதி அளவில் தருகிறது. இரண்டுக்கும் அடிப்படை உத்தி ஒன்றே. முழுப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்புவது. சில நொடிகளுக்கு ஒருமுறை மறுபடியும் ஒரு முழுப் படம். ஆள் நடமாட்டமில்லாத வாசலில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? கோலம் அப்படியே கிடக்கும், கேட் அப்படியே நிற்கும். அதனால் செலவும் இல்லை.

செலவு வைப்பது வேப்பமரம். காற்றில் ஆயிரம் இலைகள் அசையும்போது சுருக்க முறைக்கு அத்தனையும் புதிய செய்தி. திருடன் வருவதைவிட ஆடி மாதக் காற்று வருவது கேமராவுக்கு அதிக வேலை. அதற்கடுத்தது இருட்டு. வெளிச்சம் குறையும்போது சென்சார் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். படம் முழுவதும் பொரிபொரியாகப் புள்ளிகள் தோன்றும். அவை ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுவதால், ஒன்றுமே நடக்காத இரவில் பகலைவிட அதிகத் தரவு ஓடும். அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும், பல்லி வரும். கண்ணாடிக்கு அரை அங்குலம் முன்னால் ஆடும் ஒற்றைச் சிலந்தி இழை, கேமராவுக்குத் திரை முழுவதும் நடக்கும் கலவரம். இதற்கெல்லாம் மென்பொருளில் தீர்வு தேடுவதற்கு முன், மரம் தெரியாதபடி கேமராவைக் கொஞ்சம் திருப்புவதும், போர்டிகோவில் ஒரு சிறிய எல்இடி பல்பை எரியவிடுவதும், மாதம் ஒருமுறை ஒட்டடை அடிப்பதும் மலிவு.

அமைப்புகளுக்குள் போனால் இரண்டு இடங்களில் கைவைக்கலாம். பிட் வீதத்தை மாறக்கூடியதாக வைத்து, அதற்கு ஓர் உச்சவரம்பு போடுவது ஒன்று. அசைவில்லாத நேரத்தில் தரவு குறையும், காற்றடிக்கும் நேரத்திலும் வரம்பைத் தாண்டாது. நொடிக்கு 25 படங்களை 12 அல்லது 15 ஆக்குவது மற்றொன்று. நடந்து வருபவரை அடையாளம் காண 15 படங்கள் தாராளம். ஆனால் படங்களைப் பாதியாக்கினால் தரவும் பாதியாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. படங்களுக்கு இடையிலான வித்தியாசம் கூடிவிடுவதால் சேமிப்பு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

மெகாபிக்சலுக்கும் ஒரு கணக்கு உண்டு. காணொளிக் கண்காணிப்புக்கான 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்றது. ஏற்கெனவே தெரிந்தவர்தானா என்று கண்டுகொள்ள 125 போதும். ஆள் இருக்கிறாரா என்று மட்டும் அறிய 25. 1080பி கேமராவின் 1920 புள்ளிகளை 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். அதாவது காட்சியின் அகலம் 7.7 மீட்டருக்குள் இருக்கும்வரைதான் முகம் உதவும். 90 பாகை அகலத்தில் பார்க்கும் லென்ஸ் என்றால், கேமராவிலிருந்து நான்கு மீட்டரைக்கூட எட்டாத தூரம் அது. இரண்டாம் மாடியில் மாட்டித் தெரு முழுவதையும் வளைத்துப் பிடிக்கும் 4கே கேமராவில் தொப்பிகள் நன்றாகத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் தலை உயரத்துக்குச் சற்று மேலே மாட்டிய 1080பி கேமராவில் முகம் தெரியும், அதுவும் மிகக் குறைந்த தரவுச் செலவில். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் அரை மணி நேரம், மாதாமாதம் சேமிப்பிடமாகத் திரும்பி வருகிறது.

இனி காற்று. வயர்லெஸ் கேமராக்களில் விலை குறைந்தவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாருடைய ரவுட்டர்களும் அந்த மூன்றில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு கேமரா எத்தனை மெகாபிட் அனுப்புகிறது என்பதைவிட, அதை அனுப்பக் காற்றில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதே முக்கியம்.

ஒற்றை ஆன்டெனா கொண்ட கேமரா ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் 65 மெகாபிட் வேகத்தில் பேசும். தன் 2 மெகாபிட்டை அனுப்ப அதற்கு மொத்த நேரத்தில் 3 சதவீதம் போதும். அதே கேமரா கான்கிரீட் சுவர் இரண்டுக்கும் இரும்புக் கேட்டுக்கும் அப்பால் இருந்தால், வேகம் 6.5 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். அப்போது அதே 2 மெகாபிட்டுக்குக் காற்றின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒப்புகைச் செய்திகள், மறுமுறை அனுப்புதல் எல்லாம் சேர்ந்தால் பாதியை நெருங்கும். தெருக்குழாயில் வாய் குறுகிய குடத்தோடு முன்னால் நிற்பவர் வரிசை முழுவதையும் நிறுத்திவைப்பது போலத்தான் இது. அவருக்குத் தண்ணீர் ஒரு குடம்தான், ஆனால் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் தாமதம். வீட்டில் யூடியூப் சுற்றிக்கொண்டே இருந்தால் எல்லாரும் இணைய நிறுவனத்தைத் திட்டுவார்கள். குற்றவாளி பின்கட்டுக் கேமராவாக இருக்கும்.

சிக்னல் பலவீனமானால் முழுப் படம் வரும் தருணத்தில்தான் அது முதலில் தெரியும். மற்றப் படங்களைவிடப் பல மடங்கு பெரிதான அந்தப் படத்தில் ஒரு துண்டு தொலைந்தாலும், அடுத்த முழுப் படம் வரும்வரை காட்சி சாம்பல் நிறத்தில் இழுபட்டுக் கிடக்கும். கேமராவின் செயலியில் சிக்னல் வலிமையைப் பார்க்கும் வசதி இருந்தால், அது மைனஸ் 67 டெசிபலைவிட மோசமாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் அந்த இடத்தில் வயர்லெஸ் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். 2018-இல் இந்திய அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. ஆனால் சுவரைக் கண்டால் அந்த அலை சோர்ந்துவிடும். நடைமுறையில் எளிய வழி, கைபேசி, டிவி, லேப்டாப் மூன்றையும் 5-க்கு மாற்றிவிட்டு, 2.4-ஐக் கேமராக்களுக்கு விட்டுவிடுவது. நடுக்கூடத்தில் டிவிக்குப் பின்னால் ஒளித்துவைத்த ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைப்பதும் அதே அளவு பயன் தரும்.

வயர்லெஸ் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டரியில் ஓடுபவை தவிர மற்ற எல்லா வயர்லெஸ் கேமராக்களுக்கும் மின்சார வயர் போயே ஆக வேண்டும். எலக்ட்ரீஷியன் ஏணி போட்டுச் சுவரைக் குடைகிறார் என்றால், அதே நாளில் இன்னொரு தனிக் குழாயில் ஒரு நெட்வொர்க் கேபிளையும் இழுத்துவிடச் சொல்லலாம். அந்த ஒரே கேபிளில் மின்சாரமும் தரவும் சேர்ந்து போகும் முறை 2003 முதலே தரநிலையாக இருக்கிறது, 100 மீட்டர் வரை எட்டும். புது வீடு கட்டுபவர்கள் இதைச் செய்யாமல் விட்டுப் பின்னால் சிக்னல் பெருக்கிகளை வாங்கி அடுக்குவதில் அர்த்தமே இல்லை.

வீட்டைத் தாண்டி வெளியே போகும் வழி அப்லோடு. இணைய நிறுவனங்களின் விளம்பரங்களும் மக்களின் பழக்கமும் டவுன்லோடைச் சுற்றியே இருப்பதால், கேமரா வரும்வரை பலருக்கு எதிர்த் திசையில் ஒரு வேகம் இருப்பதே தெரியாது. 2023 ஜனவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை பிராட்பேண்ட் என்பதன் குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அந்த வரையறையும் டவுன்லோடைப் பற்றியதுதான். ஃபைபர் வந்த ஊர்களில் இரு திசையும் சமமாகவே கிடைப்பதால் வேகம் பிரச்சினையாகாது. அங்கே கவனிக்க வேண்டியது அளவை. "வரம்பற்றது" என்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றுக்குள் மாதம் 3,300 ஜிபி என்ற ஒரு வரம்பு ஒளிந்திருக்கிறது. நான்கு கேமராவையும் முழு நேரமும் கிளவுடுக்கு அனுப்பினால் 2,592 ஜிபி அதிலேயே போய்விடும். மிச்சத்தில் வீட்டார் சீரியலும் கிரிக்கெட்டும் பார்த்து முடிப்பதற்குள் மாதக் கடைசியில் வேகம் குறைக்கப்படும். குறைந்த வேகத்தில் கேமராவின் 8 மெகாபிட்டும் நுழையாது.

அப்லோடு நிரம்பி வழிந்தால் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும் என்பது பலர் அறியாத விஷயம். ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டுமானாலும் கேட்கும் செய்தி வெளியே போயாக வேண்டும். அந்தச் செய்தி வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. ரவுட்டரில் கேமராக்களின் மொத்த அப்லோடுக்கு ஒரு வரம்பு போட்டுவிட்டால், அறைக்குள் நடக்கும் அலுவலக மீட்டிங்கில் குரல் உடைவது நின்றுவிடும்.

ஃபைபர் எட்டாத தோப்பு வீட்டிலும் பண்ணையிலும் 4ஜி சிம் கேமராதான் கதி. தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் நொடிக்கு 185 கிலோபிட் வருகிறது. முழு நேர வீடியோவுக்கு இது காணவே காணாது. அங்கே காட்சி மெமரி கார்டில் இருக்கட்டும், அசைவு கண்டால் ஒரு சிறு துண்டோ படமோ மட்டும் வெளியே வரட்டும் என்பதே பொருத்தமான ஏற்பாடு.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரைச் செயலியில் எட்டிப் பார்ப்பது இன்று தமிழ்க் குடும்பங்களில் சாதாரணம். பார்க்கும் நேரத்தில் மட்டுமே அப்லோடு செலவாகிறது என்பதால் இது பெரிய பாரமில்லை. பெரும்பாலான கேமராக்கள் ஒரே காட்சியை இரண்டு ஓடையாகத் தருகின்றன. பதிவுக்குத் தெளிவானது ஒன்று, கைபேசியில் பார்க்க மெலிந்தது ஒன்று. சிறிய திரையில் அம்மா மாத்திரை போட்டாரா என்று பார்க்க மெலிந்ததே போதும். எச்டி பொத்தானை அழுத்தியே தீருவேன் என்பவர்கள் படம் நின்று நின்று வருகிறது என்று குறை சொல்ல முடியாது.

பதிவை எங்கே வைப்பது என்பதில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் ஓட்டை உண்டு. மெமரி கார்டு மலிவு, மாதச் சந்தா இல்லை, இணையம் போனாலும் பதிவாகும். 1.5 மெகாபிட்டில் 64 ஜிபி கார்டு நான்கு நாள் தாங்கும். அப்படியானால் வருடத்துக்குத் தொண்ணூறு முறைக்கு மேல் அந்தக் கார்டு முழுவதுமாக அழித்து எழுதப்படுகிறது. கைபேசிக்கென்று செய்த சாதாரணக் கார்டு இந்த உழைப்புக்குப் பிறந்ததல்ல. இடைவிடாத பதிவுக்கென்று தனியாக விற்கும் கார்டுகளை வாங்கினாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய காட்சி ஒன்றை ஓட்டிப் பார்ப்பது அவசியம். செத்த கார்டு சத்தம் போடாது. சந்தையில் போலிக் கார்டுகளும் உண்டு. 128 என்று அச்சிட்டு உள்ளே அதில் சிறு பகுதியே இருக்கும். கார்டின் பெரிய ஓட்டை வேறு. திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால், அவன் முகமும் அவனோடேயே போய்விடும்.

என்.வி.ஆர் என்ற பதிவுப் பெட்டி அந்த விஷயத்தில் மேல். கேமரா வெளியே, ஹார்ட் டிஸ்க் உள்ளே. அலமாரிக்குள்ளோ பரணிலோ வைத்தால் கண்ணில் படாது. டிவிக்குக் கீழே ஷோகேஸில் வைத்தால் டிவியோடு சேர்த்தே எடுத்துப் போவார்கள். கண்காணிப்புக்கென்று செய்யப்படும் ஹார்ட் டிஸ்க்குகள் வருடத்துக்கு 180 டிபி எழுதும்படி மதிப்பிடப்பட்டவை. நான்கு கேமரா வீடு வருடத்துக்கு 32 டிபிகூட எழுதாது. ஆனாலும் கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கைப் போட்டு மிச்சம் பிடிப்பது சரியல்ல. இங்கே டிஸ்க்கைத் தேய்ப்பது எழுதும் அளவைவிட, ஒரு நிமிடமும் நிற்காமல் சுழல்வதும் மூடிய அலமாரிக்குள் ஏறும் சூடும்தான்.

மூன்றாவது கிளவுட். கேமரா உடைந்தாலும் வீடே எரிந்தாலும் பதிவு இருக்கும். அதற்கு விலை மாதச் சந்தா, அப்லோடு, அதோடு ஒரு நிறுவனத்தின் நிழலில் வாழ்வது. 2009-இல் தொடங்கிய ட்ராப்கேம், கேமராவையும் கிளவுடையும் சேர்த்து விற்று வீட்டுக் கண்காணிப்பை எளிதாக்கிய அமெரிக்க நிறுவனம். 2014-இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அதை 55 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2024 ஏப்ரல் 8 அன்று ட்ராப்கேம் கேமராக்களுக்கான சேவை நிறுத்தப்பட்டது. லென்ஸ் நன்றாக இருந்தது, சென்சார் நன்றாக இருந்தது, ஆனால் எழுதி வைக்க இடமில்லாமல் அவை வெறும் பிளாஸ்டிக் ஆயின. ஆர்லோ நிறுவனம் 2023 தொடக்கத்தில் பழைய கேமராக்களுக்கு வழங்கிவந்த ஏழு நாள் இலவசச் சேமிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. எப்போதும் பின்வாங்குவார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

வயர்லெஸை மட்டும் நம்பும் கிளவுட் கேமராவுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா நகரப் போலீசார், தொடர் கொள்ளைகளில் வைஃபை அலைகளை முடக்கும் கருவி பயன்பட்டிருக்கலாம் என்று 2024-இல் எச்சரித்தனர். நம் ஊர்த் திருடனுக்கு அவ்வளவு தொழில்நுட்பம் தேவையில்லை. மீட்டர் பெட்டி வெளிச்சுவரில் இருக்கிறது, மெயினை இறக்கினால் போதும். கேமராவுக்கு மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிட்டு, ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மறந்துவிடும் வீடுகள் ஏராளம். அந்த இரண்டுக்கும் ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வைத்தால் பல மணி நேரம் தாங்கும்.

இத்தனையையும் எடைபோட்டால் ஒரே வழியை நம்புவது வீண் என்று தெரிகிறது. முழு நேரப் பதிவு வீட்டுக்குள் ஹார்ட் டிஸ்க்கில், அசைவு கண்ட துண்டுகள் மட்டும் கிளவுடில் என்ற கலவைதான் சாதாரணக் குடும்பத்துக்குச் சரிப்படும். நாளுக்கு 86.4 ஜிபி அனுப்புவதற்குப் பதில் ஒன்றிரண்டு ஜிபியில் வேலை முடியும்.

அசைவுத் துண்டுகளை மட்டுமே நம்பலாமா என்றால், அது ஒரு சூதாட்டம். பேட்டரிக் கேமராக்கள் உடல் வெப்பத்தை உணர்ந்து விழிக்கின்றன, விழிக்கச் சற்று நேரம் எடுக்கின்றன. வேகமாகக் கடந்தவரின் முதுகுதான் பதிவாகும். நம் ஊர் வெயிலில் சுவரும் தரையும் உடம்பளவு சூடேறி நிற்கும் பிற்பகலில், மனித வெப்பத்தைப் பிரித்தறிவது அந்த உணரிக்கு இன்னும் கடினம். எந்தப் பக்கம் அசைந்தால் கவனிக்க வேண்டும் என்று திரையில் வரைந்து காட்டும் வசதியை முறையாகப் பயன்படுத்தி, தெருவையும் மரத்தையும் விலக்கிவைத்தால் பொய் எச்சரிக்கைகள் குறையும். அவை குறையாவிட்டால் மூன்றாம் நாளே வீட்டார் எச்சரிக்கையை அணைத்துவிடுவார்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் நிலையத்தின் கேமராப் பதிவைத் தேடினார். சம்பவ நாள் பதிவு இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் தன் அறிக்கையில் எழுதினார். இடப் பற்றாக்குறை எதுவும் அங்கே இல்லை, ஓர் அமைப்பு மட்டும் இருந்தது. பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காவல் நிலையங்களில் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க உத்தரவிட்டது. அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது.

வீட்டுக்கு அத்தனை மாதம் வேண்டாம். சம்பவம் நடந்ததற்கும் அது நடந்தது தெரியவருவதற்கும் இடையே எத்தனை நாள் ஆகலாம் என்பதே அளவுகோல். பூட்டிவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போனவர் திரும்ப இரண்டு வாரம் ஆகலாம். பீரோவில் நகை குறைவது அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கும்போதுதான் தெரியும், ஆனால் அதற்கு ஏற்ற கேமராவே கிடையாது. 30 நாள் என்பது பெரும்பாலான வீடுகளுக்கு நியாயமான இலக்கு. நான்கு கேமராவுக்கு 4 டிபி போட்டால் 46 நாள் வரும், எச்.265-க்கு மாறி இரவு அமைப்பையும் சரிசெய்தால் இன்னும் நீளும்.

அதிக நாள் வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. இருக்கும் பதிவுதான் கசியும். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் சேவை ஒரு தடங்கலுக்குப் பின் மீண்டபோது, சுமார் 13,000 பேருக்கு வேறு வீடுகளின் படத்துணுக்குகள் காட்டப்பட்டன. பதிவு வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று விளம்பரப்படுத்திய யூஃபி கேமராக்கள், எச்சரிக்கைக்கான படங்களைக் கிளவுடுக்கு அனுப்பியதை 2022 நவம்பரில் ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்க்க முடிந்த குற்றச்சாட்டில், அமேசானுக்குச் சொந்தமான ரிங் 2023-இல் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பரிசோதனை அறைக் காட்சிகள் இணையத்தில் வெளிவந்தது நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல், இந்தியாவில் விற்கும் கண்காணிப்புக் கேமராக்கள் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டது. படுக்கையறையில் கேமரா வேண்டாம் என்பதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.

பெட்டியில் வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், போவது அந்தரங்கம் மட்டுமல்ல, அலைவரிசையும்தான். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக முயன்று பார்த்தே கேமராக்களையும் டி.வி.ஆர் என்ற பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபர் 21 அன்று இணையதளங்களுக்கு முகவரிச் சேவை தந்த டைன் என்ற நிறுவனத்தின் மேல் அவை ஒன்றாகப் பாய்ந்ததில், அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின. தங்கள் வாசல் கேமராவும் அதில் கலந்துகொண்டது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. இணையம் அன்று கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பதிவு கிடைத்துவிட்டது, அதில் ஆளும் தெரிகிறான் என்றால் அடுத்து நடப்பது கைபேசியை எடுத்து டிவித் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. தேடுவதற்கு அது உதவும், நீதிமன்றத்துக்கு உதவாது. வாட்ஸ்அப் வீடியோவை மீண்டும் சுருக்கிவிடும், முகத்தின் புள்ளிகள் அங்கேயே கரைந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், எடிட் செய்த கோப்பு எதுவும் தப்பாது. முதல் வேலை, கருவி மேலெழுதுவதற்கு முன் மூலக் கோப்பையே பென் டிரைவில் ஏற்றுமதி செய்துகொள்வது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்தே எடுக்க வேண்டும், நோட்டம் விட்டுப் போனவன் அந்த முன் பகுதியில் இருப்பான்.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். இணையம் இல்லாமல் ஓடும் பெட்டியில் நேரம் மெல்ல நழுவும். வாங்கிய நாளிலிருந்து சீன நேரத்திலேயே விடப்பட்ட கேமரா, இரவு 11.30-க்கு நடந்ததைப் பின்னிரவு 2 மணி என்று காட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைக்கும் இடம் அது. நேரம் தவறாக இருப்பது தெரிந்தால் அவசரப்பட்டுத் திருத்தக் கூடாது. கேமராத் திரையையும் கைபேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் சேர்த்து எடுத்து, வித்தியாசத்தை நிமிடக் கணக்கில் எழுதி, கோப்பை ஒப்படைக்கும்போது விசாரணை அதிகாரியிடம் அதையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு திருத்திக்கொள்ளலாம்.